மேமோகிராமில் சிவப்புத் திட்டு: அதுதான் கட்டியா?

நத்தம்காரி:
அம்மாவுக்கு 58 வயது. போன வாரம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தோம். ரிப்போர்ட்டோடு ஏஐ போட்டது என்று ஒரு கலர் படமும் தந்தார்கள். சுற்றிலும் நீலம், ஓரமாக மஞ்சள், நடுவில் மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு திட்டு. டாக்டர் எழுதியிருப்பது பைராட்ஸ் 2. அம்மா மூன்று நாளாக அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார். சிவப்பு என்றால் புற்றுநோயா?

இருட்டறை:
முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். பைராட்ஸ் 2 என்றால் ஏதோ தெரிகிறது, அது கெடுதல் இல்லாதது என்று பொருள். பழைய சுண்ணாம்புப் படிவு, நீர்க்கட்டி, இப்படி. (கையில் கட்டி தட்டுப்பட்டால் மட்டும் ரிப்போர்ட்டை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம், நேரில் காட்டுங்கள்.)

நான் பதினான்கு வருடமாக ஸ்கேன் பார்க்கிறேன். அந்தக் கலர் படத்துக்கு ஹீட்மேப் என்று பெயர். முடிவெடுக்கும்போது கணினி எந்த இடத்தை அதிகம் கணக்கில் எடுத்தது என்று காட்டும். அங்கே என்ன இருக்கிறது, ஏன் அப்படி நினைத்தது என்று சொல்லாது. இன்னொன்று, பெரும்பாலும் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகத்தான் வண்ணம் பூசுகிறார்கள். வகுப்பே ஃபெயில் ஆனாலும் முதல் ரேங்க் ஒருவனுக்கு உண்டல்லவா? அந்த மாதிரி, சந்தேகம் துளிதான் என்றாலும் எங்காவது ஒரு சிவப்பு விழும். எவ்வளவு சந்தேகம் என்ற மதிப்பெண்ணைப் போடாமல் வண்ணத்தை மட்டும் கொடுத்து அனுப்புவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

பைத்தான்_பித்தன்:
டாக்டர் சொல்வது சரி. ஆனால் ஹீட்மேப் வீண் இல்லை. தோல் மருத்துவர்கள் மச்சத்தைச் சுற்றிப் பேனாவால் குறி போடுவார்கள். அந்தக் குறி இருந்தாலே கணினி போடும் மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) மதிப்பெண் ஏறுகிறது என்று 2019-இல் ஹைடல்பெர்க் குழு காட்டியது. கணினி மச்சத்தை விட்டுவிட்டு மையைப் பார்ப்பதைப் பிடிக்க இப்படி ஒரு படம் வேண்டும். அதற்காக எல்லா ஹீட்மேப்பையும் நம்பவும் முடியாது. 2018-இல் ஒரு சோதனையில், கணினி கற்றதையெல்லாம் கலைத்துப் போட்ட பிறகும் சில முறைகள் கிட்டத்தட்ட அதே படத்தை வரைந்தன. பலரும் பயன்படுத்தும் கிராட்-கேம் என்ற ஹீட்மேப் முறை அதில் தேறிவிட்டது.

நத்தம்காரி:
நன்றி டாக்டர், நன்றி தம்பி. இன்று ரிப்போர்ட் எழுதிய டாக்டரிடம் நேரில் போய்க் கேட்டேன். சிவப்பு விழுந்த இடத்தில் கடுகு அளவு சுண்ணாம்புப் படிவு. 2021-இல் எடுத்த ஃபிலிமைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார், அதே இடம், அதே அளவு. அம்மா அந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அப்போ இதுக்கு ஏன் கலர் அடிச்சாங்க?" என்றார். வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டார்.