குழப்ப அணியா, பிறிதுகோள் அட்டவணையா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஓசிஆர் (அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைக் கணினி படித்தெடுப்பது) கையேட்டின் வரைவில் 'confusion matrix' என்பதற்கு 'குழப்ப அணி' என்ற சொல் இருக்கிறது. எந்த எழுத்தை எந்த எழுத்தாகப் படித்தது என்று எண்ணிக் காட்டும் அட்டவணை அது. அந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

அந்த அட்டவணையின் நிரையில் இருப்பது தாளில் அச்சான எழுத்து. நிரலில் இருப்பது எழுத்துணரி (ஓசிஆர் மென்பொருள்) தந்த எழுத்து. மூலைவிட்டத்தில் விழுந்தவை சரி. மற்றக் கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் திசை உண்டு. 'க்' என்பதை 'க' என்று கொண்டது ஒரு கட்டம். 'க' என்பதை 'க்' என்று கொண்டது வேறு கட்டம். 'குழப்பம்' என்றால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

திசை தெரியாமல் திருத்த முடியாது. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வருடிய பக்கத்தில் 10 பாயிண்ட் எழுத்துக்கு ஏறத்தாழ 42 பிக்சல் உயரம் கிடைக்கும். அதில் மெய்யின் புள்ளி நாலைந்து பிக்சல்தான். தூசு நீக்கும் வடிகட்டியை 5 பிக்சலுக்கு வைத்தால் தூசோடு புள்ளியும் போய், 'பக்கம்' என்பது 'பககம' ஆகும். வடிகட்டியே வைக்காவிட்டால் பழுப்புத் தாளின் கறை புள்ளியாகி, 'கடல்' என்பது 'க்டல்' ஆகும். முதல் கட்டத்தில் எண்ணிக்கை ஏறினால் வடிகட்டியின் அளவைக் குறைக்க வேண்டும். இரண்டாவதில் ஏறினால் கூட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் எந்தப் பக்கம் திருகுவது?

இதற்குப் பழைய சொல்லே இருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைக் குற்றங்கள் எட்டனுள் 'திரியக் கோடல்' ஒன்று. ஒன்றை வேறொன்று என்பது. இப்பியை வெள்ளி என்று உணர்வது அதற்குக் காட்டு. தறியோ மகனோ என்று துணியாமல் நிற்பது 'ஐயம்' எனத் தனியே வைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பிரிவு நமக்கும் தேவை. ரகரத்துக்கு 0.51, துணைக்காலுக்கு 0.48 என்று எழுத்துணரி மதிப்பெண் தந்தால் அது ஐயம். மஞ்சள் பூசி மெய்ப்புப் பார்ப்பவருக்குக் காட்டிவிடலாம். 0.98 தந்து தவறியதுதான் திரியக் கோடல். அது எந்த நிறமும் இல்லாமல் நேரே நூலுக்குள் போய்விடும்.

'திரிகோள்' என்று சுருக்கலாம் என்றால், திரிபு ஏற்கெனவே புணர்ச்சி இலக்கணத்திலும் நுண்ணுயிரியலிலும் வேலை செய்கிறது. அதனால் ஒன்றைப் பிறிதாகக் கொள்வதற்குப் 'பிறிதுகோள்' என்றும், அட்டவணைக்குப் 'பிறிதுகோள் அட்டவணை' என்றும் முன்வைக்கிறேன்.

—

> அதனால் ஒன்றைப் பிறிதாகக் கொள்வதற்குப் 'பிறிதுகோள்'

வணக்கம். திசை பற்றிய வாதத்தை ஏற்கிறேன். சொல்லைப் பற்றித் தயக்கம் இருக்கிறது. 'கோள்' என்றதும் வியாழனும் சனியும், அதற்கடுத்துக் கோள்மூட்டலும்தான் நினைவுக்கு வரும். 'மயங்கொலி' பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ல, ள, ழ என்று கேட்டதும் புரியும். அதன் வழியில் 'மயக்க அணி' என்று வைத்தால் என்ன?

இன்னொன்று. அட்டவணை போடும் முன் ஒப்பிடும் மூலப்படியைச் சரிபாருங்கள். தட்டெழுதிய படிகளில் ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் ளகரத்தை இட்டு 'கெளரி', 'மெளனம்' என்றும், 'ஔ' வருமிடத்தில் 'ஒள' இட்டு 'ஒளவையார்' என்றும் எழுதியிருப்பார்கள். எழுத்துணரி சரியாகப் படித்தாலும் கணக்கில் பிழையாக ஏறும்.

—

> 'மயக்க அணி' என்று வைத்தால் என்ன?

வைக்க முடியாது, நண்பரே. ஒப்புமையால் ஒரு பொருளை மற்றொன்றாகக் கருதுவதாகப் பாடுவதற்கு அணியிலக்கணத்தில் அதே பெயர் இருக்கிறது. பொருள் அவ்வளவு நெருங்கியிருப்பதால்தான் தேடுபவருக்குத் தொல்லை அதிகம். மேலும் matrix என்பதற்கு 'அணி' தமிழ்நாட்டுக் கணக்குப் பாடச் சொல். இலங்கையில் அதைத் 'தாயம்' என்பார்கள். 'அட்டவணை' இரு கரைக்கும் பொது.

ஆனால் மயங்கொலி என்று நீங்கள் எடுத்துத் தந்ததை விடக்கூடாது. மயங்குதல் எழுத்துகளின் இயல்பு, அதற்குத் திசை வேண்டியதில்லை. உருவத்தால் ஒத்த எழுத்துகளை 'மயங்குரு' என்போம்: அடிவால் தேய்ந்த ரகரமும் துணைக்காலும், எகரமும் தமிழெண் ௭-உம், அகரமும் ௮-உம். ஏட்டுச்சுவடியில் ரகரமும் காலும் ஒரே வடிவம்தான். ஆகவே இந்த இணை நெடுநாளைய மயங்குரு. அவற்றில் ஒன்றை எழுத்துணரி மற்றதாகத் துணிந்துவிட்டால் அந்த நிகழ்வு பிறிதுகோள். இரண்டு சொல்லும் தேவை, இரண்டுக்கும் தனி வேலை.

மயங்குருவாக இல்லாமலும் பிறிதுகோள் நிகழும் என்பதையும் கையேட்டில் சேர்க்க வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் னா, றா, லை, ளை போன்றவற்றுக்கு வேறு வடிவம். புதிய வடிவங்களை மட்டுமே பயிற்றிய எழுத்துணரிக்கு அவை தெரியாது. தெரியாது என்று சொல்ல வழியில்லாததால், தெரிந்த ஏதோவொன்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இங்கே வடிகட்டியைத் திருகிப் பயனில்லை. பழைய வடிவங்களைப் பயிற்சியில் சேர்ப்பதே வழி.

ஔகாரச் சிக்கலுக்கு: ஒற்றைக்கொம்பு பெற்ற எழுத்தை அடுத்து ளகரம் வந்து, அதன்மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லையென்றால் மட்டும் அதை ஔகாரக் குறியாக மாற்றுங்கள். கெளரியும் மெளனமும் திருந்தும். வெள்ளியும் கெளிறும் தப்பும். 'ஒள' இணைக்கும் இதே நிபந்தனை. இல்லாவிட்டால் 'ஒளி' கெட்டுவிடும். பேச்சுவழக்குக் கதைகளில் 'வெளக்கு', 'வெளஞ்சது' என்றெல்லாம் வரும். அங்கே இந்த விதியை நிறுத்திவைத்துக் கையால் பார்க்க வேண்டும்.

கோள் பற்றிய தயக்கத்துக்கு ஒன்று: மேற்கோள், குறிக்கோள், கருதுகோள் மூன்றிலும் யாருக்கும் சனி நினைவுக்கு வருவதில்லை. முன்னொட்டோடு சேர்ந்தால் பொருள் நிலைத்துவிடும். வினையாக மட்டும் இதை நீட்ட வேண்டாம். 'பிறிதுகொள்ளப்பட்டது' என்று எழுதாமல், 'ரகரத்தைக் காலாகக் கொண்டது' என்றே கையேட்டில் இருக்கட்டும். பிறிதுகோள் அட்டவணைத் தலைப்பிலும் வரையறைப் பகுதியிலும் வந்தால் போதும்.