அவசரம்: மெத்தை மாத்தணும், இடுப்பு பிடிக்குது (கீழக்கரை)

கீழக்கரைத் தம்பி:
நாளைக்குள்ள வாங்கணும். காலைல எந்திரிச்சா இடுப்பு பிடிச்சுக்குது, அரை மணி நேரத்துல சரியாயிடுது. ஸ்பிரிங்கா, தேங்காய்நாரா, ஃபோமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

உப்புக்காத்து:
எடை எவ்வளவு? மல்லாந்து படுப்பீங்களா, ஒருக்களிச்சா? பழைய மெத்தை என்ன ரகம், எத்தனை வருசம்? அடில ப்ளைவுட்டா, சட்டமா, தரையா?

வாடைக்காத்து:
எதுவானாலும் ஸ்பிரிங் வேண்டாம். கடலோரத்துல உப்பு ஈரம் உள்ள போய் கம்பி துருப்பிடிக்கும். மேல்துணில பழுப்புப் புள்ளி தெரியுறப்ப உள்ள பாதி அரிச்சிருக்கும்.

பனைநார்:
மெத்தையே எதுக்கு? நார்க்கட்டில்ல பனையோலைப் பாய் விரிச்சுப் படுங்க. அடில காத்து ஓடும், இடுப்பு பிடிக்காது.

வாடைக்காத்து:
நார் தளர்ந்தா அது தொட்டில்ண்ணே. இடுப்புதான் முதல்ல இறங்கும். மாசாமாசம் இழுத்துக் கட்ட யாரு இருக்கா?

பழைய உறுப்பினர்:
இதே கேள்வி எத்தனை தடவை! தேடிப் படிச்சுட்டு கேட்கக் கூடாதா? கட்டாந்தரை மாதிரி இருந்தாத்தான் முதுகுக்கு நல்லதுங்கிறதை முதல்ல விடுங்க. 2003ல லான்செட் இதழ்ல வந்த ஸ்பெயின் ஆய்வுல, நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை 90 நாள் பார்த்தாங்க. கெட்டி மெத்தைல படுத்தவங்களை விட நடுத்தரத்துல படுத்தவங்களுக்குத்தான் வலி நல்லா குறைஞ்சது.

கீழக்கரைத் தம்பி:
84 கிலோ. ஒருக்களிச்சு. தேங்காய்நார் 4 இஞ்ச், 9 வருசம். ப்ளைவுட் கட்டில்.

உப்புக்காத்து:
இதை முதல்லயே சொல்லிருக்கலாம் தம்பி. விரிப்பை எடுத்துட்டு மெத்தைக்குக் குறுக்க ஒரு நூலை இறுக்கிப் பிடிங்க. நடுவுல நூலுக்கும் மெத்தைக்கும் இடையில ஸ்கேல் வையுங்க. ஒரு இஞ்சுக்கு மேல பள்ளம்னா அது முடிஞ்சுது.

ஒருக்களிச்சுப் படுக்கிறவருக்கு தோளும் இடுப்பெலும்பும் கொஞ்சம் அமுங்கணும். அடில 4 இஞ்ச் ரீபாண்டட் (துண்டு ஃபோமை அழுத்தி ஒட்டினது), மேல 2 இஞ்ச் லேடெக்ஸ் (ரப்பர் ஃபோம்) போதும். மேல் அடுக்கு சாதா ஃபோம்னா டென்சிட்டி (அடர்த்தி, கன மீட்டருக்கு எத்தனை கிலோங்கிறது) 40 கேளுங்க. 32க்குக் கீழ உங்க எடைக்குச் சீக்கிரம் படிஞ்சிடும். மெமரி ஃபோம் சூட்டுல இளகும்; ஏசி கடைல கெட்டியா இருக்கும், வீட்டுல வேற மாதிரி.

கடைல 15 நிமிசம் ஒருக்களிச்சே படுங்க. கூட வந்தவர் பின்னாடி நின்னு பார்க்கட்டும், கழுத்துல இருந்து வால் எலும்பு வரை நேர்கோடா இருக்கணும். இடுப்பு வளைவுக்கு அடில கை தாராளமா போனா மெத்தை கெட்டி. இடுப்பெலும்பு மட்டும் புதைஞ்சா மெது.

இலவம்:
இலவம்பஞ்சை விட்டுட்டீங்களே. வெயில்ல போட்டு அடிச்சா புதுசு மாதிரி.

பழைய உறுப்பினர்:
84 கிலோவுக்கு அது கட்டி கட்டியா ஒதுங்கிடும். வெயில்னு பொதுவா சொல்லாதீங்க, லேடெக்ஸை வெயில்ல போட்டா வெடிச்சு உதிரும்.

இலவம்:
நான் பஞ்சைத்தான் சொன்னேன். ஐப்பசி மழைல ரப்பர் மெத்தையை எங்க காய வைப்பீங்க?

உப்புக்காத்து:
நிழல்ல, ஃபேனுக்கு நேரா நிமிர்த்தி வச்சா போதும். சண்டை அப்புறம். தம்பி, மெத்தைக்கு முன்னாடி ப்ளைவுட்டைப் பாருங்க. வேர்வை ஈரம் கீழ இறங்கி அங்க வெளியேற வழியில்லாம நிக்கும். 6 இஞ்சுக்கு ஒண்ணா, 1 இஞ்ச் ஓட்டை போடுங்க. இல்லன்னா பலகைக்குப் பதிலா ரீப்பர் (ஒல்லி மரச்சட்டம்) அடிங்க, இடைவெளி 3 இஞ்சைத் தாண்டக் கூடாது, தாண்டினா ஃபோம் இடுக்குல இறங்கும். காலுக்கு மரத்துப்போறது, மின்னல் மாதிரி இழுக்கிறது இருந்தா கடைக்கு முன்னாடி டாக்டர்.

கீழக்கரைத் தம்பி:
கால் மரக்கல காக்கா. பள்ளம் ஒண்ணரை இஞ்ச். மெத்தையைப் புரட்டினா அடில கருப்புக் கருப்பா பூஞ்சை, பலகையும் சில்லுனு இருக்கு. ஆசாரியை வரச் சொல்லிட்டேன்.

வாடைக்காத்து:
அந்தப் பழசைப் புது மெத்தைக்கு அடில போட்டுடாதீங்க.