புதுப்பிப்பு: காலாவதியான கனடா குடியேற்ற ஆவணம்

நிரந்தர வசிப்புரிமைக்கான உறுதி ஆவணம் வந்தும், கொரோனா தடையால் போக முடியாமல் அதன் தேதி முடிந்துவிட்டது என்று கீழக்கரையிலிருந்து எழுதியிருந்தேன். மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்கச் சொன்னீர்கள் பலர். தேவைப்படவில்லை.

2021 ஜூன் 21 முதல், செல்லுபடியாகும் ஆவணம் வைத்திருப்போர் அனைவரும் நுழையலாம் என்று விதி மாறியது. என்னுடையதைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். ஆனால் மருத்துவப் பரிசோதனை 12 மாதங்களுக்குத்தான் செல்லும் என்பதால், ராமநாதபுரத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் அதை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த முட்டுக்கட்டை விமானம். 2021 ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் 26 வரை இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடி விமானங்களுக்குத் தடை இருந்தது. "துபாய் வழியாகப் போயேன்" என்றார் வாப்பா. எங்கள் ஊரில் எந்த நாட்டுக்கும் துபாய்தான் வாசல்! ஆனால் சுற்றிப் போனால் மூன்றாவது நாடொன்றில் கொரோனா பரிசோதனை செய்தாக வேண்டியிருந்தது, வீண் செலவு. காத்திருந்தேன்.

தடை நீங்கியதும் நேரடி விமானத்தில் டிக்கெட் எடுத்துவிட்டேன். அப்போதைய விதிப்படி, புறப்படுவதற்கு முந்தைய 18 மணி நேரத்துக்குள், டெல்லி விமான நிலையத்தில் அனுமதி பெற்ற ஆய்வகத்தில் கொரோனா பரிசோதனை எடுக்க வேண்டியிருந்தது. சென்னையில் எடுத்த முடிவு செல்லவில்லை. நான் போட்டது கோவிஷீல்டு தடுப்பூசி, அதை ஏற்றார்கள். கோவேக்சினை அப்போது ஏற்கவில்லை. அதைப் போட்டவர்கள் தனிமைப்படுத்தலுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டியிருந்தது.