பொருள்: வேகமாக ஓடவிட்ட பாட்டுக்கு வாயசைத்துப் படமெடுப்பது – தமிழில் என்ன சொல்?

அன்பர்களுக்கு வணக்கம்.

இசைக் காணொளிக்கான சொற்பட்டியலில் வாயசைப்பு, பொருத்தவெட்டு, தாளவெட்டு எல்லாம் ஓரளவு தேறிவிட்டன. பெயரில்லாமல் நிற்பது ஒன்று. பாடகியின் கூந்தல், தாவணி, மழைத்துளி எல்லாம் மெதுவாக அசையும். உதடு மட்டும் பாட்டோடு பிசகாமல் பொருந்தும். பார்த்தவுடன் தெரிந்துகொள்வீர்கள். பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடுபவர் அந்த வேகத்துக்கே வாயசைக்க, கேமராவை நொடிக்கு 50 பிரேமில், அதாவது நொடிக்கு 50 நிலைப்படம் எடுக்கும்படி, ஓட்டுகிறோம். தொகுப்பில் அதை 25-க்கு இறக்கினால் உடம்பு பாதி வேகத்துக்கு வந்துவிடும், உதடு பாட்டின் இயல்பான வேகத்துக்கு வந்துவிடும்.

இங்கே சிங்கப்பூர்ப் படப்பிடிப்பில் இதை 'டபுள் ஸ்பீட்' என்கிறோம். பாட்டை 1.2 மடங்கு ஓட்டினாலும் அதே பெயர்தான். அதனால்தான் கோப்புகள் குழம்புகின்றன. கோடம்பாக்கத்தில் செட்டில் பாட்டு ஓடவிடுவதையே 'நாகரா' என்பார்கள். அது ஒரு சுவிஸ் ஒலிப்பதிவுக் கருவியின் பெயர். இங்குள்ள இளையர்களிடம் சொன்னால் விழிப்பார்கள். 'பின்னணி' என்றால் பின்னணிப் பாடகர்தான் நினைவுக்கு வருவார்.

என் பரிந்துரை: முடுக்கிசை. கருத்துச் சொல்லுங்கள்.

செ. (படத்தொகுப்பு)

---

செ. தம்பிக்கு,

சொல் நன்றாக ஒலிக்கிறது, ஆனால் பொருள் இடிக்கும். முடுக்கம் என்றால் வேகம் மாறிக்கொண்டே போவது என்று உயர்நிலைப் பள்ளி இயற்பியலிலேயே படித்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் சொல்லும் முறையில் பாட்டு முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீரான வேகத்தில்தான் ஓடும். ஒரே ஷாட்டுக்குள் இயல்பு வேகத்தில் தொடங்கி மெதுவாகி மறுபடி பாய்வது தனி உத்தி. முடுக்கம் என்ற சொல் அதற்குத்தான் வேண்டும். இங்கே செலவழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று. 1.2 மடங்கும் 2 மடங்கும் ஒரே பெயரில் இருந்தால் கேமராப் பக்கமும் கெடும். நமக்கு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 25 பிரேமுக்கு ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரம்) 1/50 நொடி, 50 பிரேமுக்கு 1/100. இரண்டிலும் முழுத் துடிப்புகள் அடங்குவதால் படம் சுத்தமாக வரும். 1.2 மடங்குக்கான 30 பிரேமில் பழக்கதோஷத்தில் ஷட்டரை 180 பாகையிலேயே (360-இல் பாதி, அதாவது பிரேம் நேரத்தில் பாதி) விட்டால் 1/60 ஆகிவிடும். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுத்த காட்சி முழுக்கக் கோடு கோடாக ஓடும், எந்த மென்பொருளாலும் முழுதாகத் துடைக்க முடியாது. 30-க்கு 216 பாகை வைக்க வேண்டும், அப்போதுதான் 1/50. ஆகவே கிளாப் பலகையில் சொல்லோடு எண்ணும் சேர்ந்தே வரவேண்டும்.

நா. (ஒளிப்பதிவு)

---

வணக்கம்.

கர்நாடக இசையில் இதற்குச் சொல் இருக்கிறதே. ஒரு பல்லவியை முதலில் பாடி, அடுத்து இரட்டை வேகத்தில் பாடினால் மேல்காலம். அதையே பாதி வேகத்துக்கு இறக்கினால் கீழ்காலம். பாட்டு வகுப்புக்குப் போன பிள்ளை எதற்கும் விளக்கம் தேவைப்படாது. மேல்கால ஒலிப்பு, மேல்காலப் பிடிப்பு என்று எப்படி வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

வ. (மிருதங்கம்)

---

> பாட்டு வகுப்புக்குப் போன பிள்ளை எதற்கும் விளக்கம் தேவைப்படாது.

வ. அக்கா, போன பிள்ளைதான் முதலில் சண்டைக்கு வரும். மேல்காலத்தில் தாளம் அப்படியே இருக்கும். ஓர் அட்சரத்தில் (தாளத்தின் ஓர் எண்ணிக்கையில்) நான்கு சுரம் வந்த இடத்தில் எட்டு வரும். படப்பிடிப்பில் தாளமும் சேர்ந்தல்லவா ஓடுகிறது? அது காலப்பிரமாணம், அதாவது தாளம் ஓடும் வேகமே, கூடுவது. மேலும், 1.2 மடங்குக்குக் கர்நாடக இசையில் காலம் என்று பெயர் கிடையாது.

விரைவொலிப்பு என்று போட்டுவிட்டுப் போகலாம். அலங்காரம் இல்லை, தவறும் இல்லை.

ர. (ஒலி)

---

ர. தம்பி, சுவர்க்கடிகாரத்தைத் தாளமாக வைத்துப் பாருங்கள். கடிகாரம் மாறவில்லை, ஒரு நொடிக்குள் இரண்டு நொடிப் பாட்டு அடங்குகிறது. காலப்பிரமாணம் கூடினால் பாட்டு சீக்கிரம் முடியும், அதோடு சரி. இங்கே திரையில் பாட்டு அதன் சொந்தக் காலத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது. மேல்காலம் பாடிவிட்டு முதல் காலத்துக்கு வந்து சேர்வதும் அப்படித்தானே? 1.2 பற்றிய உங்கள் மறுப்பை ஏற்கிறேன். ஆனால் எண் தனியாக எழுதப்படும் என்றால் அது சொல்லின் குறையாகாது.

வ.

---

ஒலிப்பக்கமும் படப்பக்கமும் சேர்ந்த ஒரு காரணம் சொல்கிறேன், எனக்கு இதுவே போதும்.

இந்த உத்திக்கு எதிர் உத்தி ஒன்று இருக்கிறது. பாட்டைப் பாதி வேகத்தில் ஓட்டி, கேமராவை 12.5 பிரேமில் வைப்பது. பாடுபவர் இழுத்து இழுத்து, கையைக்கூட மெதுவாகத்தான் தூக்க வேண்டும். திரையில் அவர் இயல்பாகப் பாடுவார். பின்னால் தேக்கா சந்தைக் கூட்டமும் சிராங்கூன் சாலைப் பேருந்துகளும் இரு மடங்கு வேகத்தில் பறக்கும். விரைவொலிப்பு என்றால் இதற்கு 'மெதுவொலிப்பு' என்று கட்ட வேண்டும். அதைக் கேட்பவர் திரையில் படம் மெதுவாக வரும் என்றே நினைப்பார். உண்மையில் நடப்பது நேர்மாறு. இந்தக் குழப்பம் விரைவொலிப்புக்கும் உண்டு. மேல்காலம், கீழ்காலம் என்ற இணை பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறது, படத்தின் வேகத்தைத் தொடவே இல்லை. என் வாக்கு அதற்கு.

மேல்காலத்தின் எல்லையையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். 50 பிரேமில் ஒவ்வொரு பிரேமும் பாட்டில் 40 மில்லிநொடியைப் பிடிக்கிறது. இரட்டை வேகத்தில் ஓடும் 'அம்மா', 'தப்பு' போன்ற சொற்களில் பாடுபவர் உதட்டை முழுதாக மூடாமலே தாண்டிவிடுவார். திரையில் உதடு திறந்தபடியே 'ம்' கேட்கும். பகரமும் மகரமும் அடர்ந்த வரிக்கும் சொல்லிசைக்கும் (ராப்) இரட்டிப்பு ஆகாது. ஆட்டத்துக்கும் ஆகாது, அங்கே தடை புவியீர்ப்பு. 30 செ.மீ. எம்பினால் தரையைத் தொட அரை நொடி ஆகும், அதை யாராலும் விரைவாக்க முடியாது. நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் அந்த எம்பல் இயல்பாக ஒரு தட்டு. இரட்டித்துப் பிடித்தால் இரண்டு தட்டு. நடனம் அமைப்பவர் இது தெரியாமல் அமைத்திருந்தால் எல்லாக் காலும் தட்டு தப்பித்தான் விழும். கூந்தலுக்கும் துணிக்கும் 50, ஆட்டத்துக்கு 30 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பில்லை.

செ.

---

சரி, மேல்காலத்துக்கு இறங்கி வருகிறேன். ஒரு நிபந்தனை: எண்ணை விழுக்காடாக எழுதக்கூடாது.

சில சினிமா கேமராக்களில் 33.333 பிரேம் வைக்கலாம். 25-க்கு அது 133.33 விழுக்காடு. பலகையில் '133' என்று எழுதுவார்கள், ஒலிக்காரரும் 133-லேயே கோப்பைத் தயாரிப்பார். நான்கு நிமிடப் பாட்டில் 0.6 நொடி விலகும், அதாவது 15 பிரேம். இருபது நொடி டேக்கிலேயே ஒரு பிரேமுக்கு மேல் போய்விடும். அதைவிட மோசம், கேமரா 59.94-இல் இருப்பது தெரியாமல் 60 என்று நம்பிப் பாட்டை 2.4 மடங்கில் ஓட்டுவது. முழுப்பாட்டுக்கு ஆறு பிரேம் போகும். தொடக்கத்தில் பொருந்தி, சரணத்தில் மெல்ல நழுவுவதால் 'பாடுபவர்தான் சரியில்லை' என்று பழி போடுவார்கள்.

எனவே பின்னமாக எழுதுவோம்: மேலே கேமராவின் பிரேம், கீழே தொகுப்பில் படம் ஓடும் பிரேம். 50/25, 30/25, 12.5/25. அந்தப் பின்னமே பாட்டின் மடங்கு. முழுமையாக்கவும் வேண்டாம், கால்குலேட்டரும் வேண்டாம்.

பொருந்தாமல் போவதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை என்பதையும் விளக்கக் குறிப்பில் போடுங்கள். எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் குறியேற்றியே (கோப்பைச் சுருக்கும் மென்பொருள்) சிறு மௌனத்தைச் சேர்த்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்புதான் கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கி கேமராப் பக்கத்தில் இருந்து, பாடுபவர் 35 மீட்டர் தள்ளி நின்றால், நம்மூர் வெப்பத்தில் ஒலி போய்ச் சேர ஒரு பத்தில் ஒரு நொடி. இயல்பு வேகத்தில் அது இரண்டரை பிரேம், 50/25-இல் ஐந்து. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாமென்று இரவில் காதுக்குள் வைக்கும் கருவிக்கு மாறுகிறோம். நல்லதுதான், ஆனால் புளூடூத் வேண்டாம். அதன் தாமதம் கருவிக்குக் கருவி மாறும், பலவற்றில் அதுவும் பத்தில் ஒரு நொடியைத் தாண்டும். கம்பி, இல்லையென்றால் மேடைப் பாடகர்கள் வைக்கும் ரேடியோ வகை.

சுருதியைப் பற்றி ஒரு வரி. சுருதி மாறாமல் வேகம் கூட்டினால் இரட்டிப்பில் மெய்யெழுத்துகள் குழைந்துவிடும், பாடுபவருக்கு எடுப்பு (சொல் தொடங்கும் இடம்) பிடிபடாது. சுருதியையும் ஏறவிட்டால் குரல் ஒரு ஸ்தாயி மேலே போய்க் கீச்சிடும், ஆனால் எடுப்பு கத்திபோல் கேட்கும். வாயசைப்புக்கு நான் கீச்சுக் குரலைத்தான் கொடுப்பேன். 30/25-க்கு இந்தக் கவலையே இல்லை, சுருதி மாற்றாமலே கொடுக்கலாம்.

ர.

---

அனைவருக்கும் நன்றி. பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

மேல்காலப் பிடிப்பு – பாட்டை இயல்பைவிட வேகமாக ஒலிக்கவிட்டு, அதே மடங்கில் பிரேம் எண்ணிக்கையைக் கூட்டி வாயசைப்பைப் படமெடுத்தல். திரையில் உடலசைவு மெதுவாகும். உதடு பாட்டோடு பொருந்தும்.

கீழ்காலப் பிடிப்பு – இதன் எதிர்முறை.

பலகையில் (மேகா – மேல்காலம், கீகா – கீழ்காலம்): மேகா 50/25, மேகா 30/25, கீகா 12.5/25. பாட்டுக் கோப்பின் பெயரிலும் இதே குறி, சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு. சாய்கோட்டைக் கணினி கோப்புப் பெயரில் ஏற்காது. பாட்டு தொடங்குமுன் மூன்று 'டிக்' ஒலிகளைச் சேர்ப்பவர்கள் அவற்றையும் அதே மடங்கில் வேகப்படுத்துங்கள். இயல்பு வேக 'டிக்' கேட்டுவிட்டு இரட்டிப்பில் பாட்டு பாய்ந்தால் முதல் வரி யாருக்கும் கிடைக்காது.

முடுக்கம் நா. அண்ணன் கேட்டதற்கே ஒதுக்கப்படுகிறது. அதை 'வேக முடுக்கம்' என்பதா, 'ஏறுவேகம்' என்பதா என்று தனி இழையில் பேசுவோம். ஒரே ஷாட்டில் ஏறவும் இறங்கவும் செய்யும் என்பதால் 'ஏறுவேகம்' எனக்கு இப்போதே உறுத்துகிறது.

செ.