புதுப்பிப்பு: பாடம் மாறும்போது கிளம்பும் இரைச்சல்

மூன்று வாரம் முன்பு எழுதியிருந்தேன்: என் மூன்றாம் வகுப்பில் ஒரு பாடம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரே இரைச்சல், ஒரு பையன் எழுந்து சுற்றிக்கொண்டே இருக்கிறான் என்று. நீங்கள் சொன்னதில் இரண்டைச் செய்து பார்த்தேன்.

முதலாவது, 1969-இல் ஒரு நான்காம் வகுப்பில் சோதித்த 'நன்னடத்தை விளையாட்டு'. வகுப்பை அணிகளாகப் பிரித்து, விதி மீறினால் அணிக்கு ஒரு கோடு. நாலு கோட்டுக்குள் முடித்த எல்லா அணியும் ஜெயிக்கும். சத்தம் நன்றாகவே குறைந்தது. ஆனால் மூன்றாம் நாள் அந்தப் பையனால் கோடு விழுந்ததும் அணியே அவனை முறைத்தது. அவன் தலையைக் குனிந்து, வெறும் மேசையை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து யாரால் என்று சொல்லாமல் கோடு மட்டும் போடுகிறேன்.

அவனுக்கு ஒத்துவந்தது இரண்டாவது யோசனைதான். பாடம் மாறும்போது நோட்டுகளை வாங்கி அடுக்கும் வேலை. எழுந்து நடக்கத்தானே துடிக்கிறான், நடக்கட்டும். "நல்ல பையன்" என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டு, "எல்லா நோட்டையும் ஒரே பக்கமாக அடுக்கியிருக்கிறாயே" என்று செய்ததைச் சொல்கிறேன். நேற்று நான் மறந்துவிட்டேன். மணி அடித்ததும் அவனே வந்து நோட்டுக்காகக் கை நீட்டினான்.

சரி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பாடவேளை இன்னும் சிரமம்தான். அதற்கு உங்களிடம் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.