நாய் தலையை நிமிர்த்தும் இடம்

அமெரிக்காவின் நாய் இனப் பதிவு அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப்பின் விதிகளின்படி நடக்கும் மோப்பத் தடத் தேர்வுகளில், அதாவது ஒருவர் நடந்து போன வழியை நாய் மோந்து தொடரும் தேர்வுகளில், நான் பெரும்பாலும் கலந்துகொண்டது தடம் போடுபவராகத்தான். நாயோடு களம் இறங்கியவர்களின் அனுபவங்கள் நிறையவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் தடத்தை நடந்து போட்டுவிட்டு, பிறகு நடுவர்களோடு சேர்ந்து பின்னால் நடந்து, எந்தத் திருப்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வேறு சில செய்திகள் கண்ணில் படும். அவற்றில் முக்கியமானதாக நான் கருதுவது ஒன்றுதான்: தடம் இருக்கிறது என்று நாய் சொல்வதை எல்லோரும் எளிதில் புரிந்துகொள்கிறார்கள், தடம் இங்கே இல்லை என்று அது சொல்வதைப் புரிந்துகொள்கிறவர்கள்தான் பெரும்பாலும் தேர்ச்சி பெறுகிறார்கள்.

அறிமுகம் இல்லாதவர்களுக்காகத் தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் நிலைத் தேர்வில் தடத்தின் நீளம் 440 முதல் 500 கெஜம் வரை. அதில் மூன்று முதல் ஐந்து திருப்பங்கள். தடத்தின் வயது, அதாவது அதை நடந்து போட்டு ஆன நேரம், அரை மணி நேரத்துக்குக் குறையாமலும் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். முந்தைய நாளே நடுவர்கள் இருவரும் வயலை நடந்து பார்த்து, திருப்பங்களில் கொடி நட்டு, வரைபடம் எழுதிவிடுவார்கள். மறுநாள் காலையில் அந்த நாய்க்கு அறிமுகமில்லாத ஒருவர் அந்த வழியே நடந்து, போகிற போக்கில் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு கையுறையையோ பணப்பையையோ போட்டுவிட்டு வெளியேறுவார். மிஞ்சி நிற்பவை இரண்டே கொடிகள்: ஒன்று தொடக்கம், 30 கெஜம் தள்ளி நிற்கும் மற்றொன்று திசை காட்டுவதற்காக. இரண்டாவது கொடியைத் தாண்டும் முன் தடுமாறினால் மீண்டும் ஒருமுறை தொடங்கலாம்; தாண்டிவிட்டால் அந்த வாய்ப்பு இல்லை. அதன் பிறகு நாயைக் கையாளுபவருக்கு எதுவும் தெரியாது. குறைந்தது 20 அடி பின்னால், நீண்ட கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு, முன்னே போகும் நாயின் முதுகையும் வாலையும் கழுத்தையும் பார்த்தே அவர் முடிவு செய்ய வேண்டும். மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவுதான்.

இல்லினாய் மாநிலத்தில், வைக்கோலுக்காகப் புல் அறுத்துச் சில வாரங்கள் ஆன ஒரு வயலில் நான் போட்ட தடம் இன்றும் தெளிவாக நினைவில் இருக்கிறது. இரண்டாவது திருப்பம் இடப்புறம் செங்கோணமாகத் திரும்பியது. காற்று வலப்புறம் நோக்கி வீசிக்கொண்டிருந்தது. வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய நாய் மஞ்சள் நிற லேப்ரடார். முதல் இரண்டு நேர்கோடுகளில் கயிறு ஒரே சீராக விறைத்திருந்தது. திருப்பத்தைத் தாண்டியும் நாய் ஏழெட்டு கெஜம் நேராகவே போயிற்று. அப்போது மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தது. அதுவரை இடுப்பு மட்டத்தில் ஆடிய வால் அசைவு நின்று மேலே தூக்கிக்கொண்டது. கயிற்றில் இருந்த இழுப்பு, கையில் பிடித்திருந்தவருக்கு மட்டும் தெரிகிற அளவுக்குத் தளர்ந்தது. அந்த அம்மையார் அதே இடத்தில் நின்றுவிட்டார். ஓர் அடி கூட முன்னே வைக்கவில்லை. கயிற்றை உயர்த்திப் பிடித்து, நாய் தம்மைச் சுற்றி வர இடம் கொடுத்தார். அது வலப்புறம் காற்றோடு போய்ப் பார்த்தது, திரும்பியது, அவருக்குப் பின்புறமாகவே சுற்றி வந்து இடப்புறம் சென்று, புல்லுக்குள் மூக்கை அழுத்தியது. உடனே கயிறு விறைத்தது. அதன் பிறகுதான் அவர் நகர்ந்தார். என் பக்கத்தில் நின்ற நடுவர் வரைபடத்தில் ஒரு குறி இட்டுவிட்டுத் தலையசைத்தார்.

அந்த ஏழெட்டு கெஜம் நாயின் பிழை என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மனிதன் நடக்கும்போது நசுங்கிய புல்லின் வாடையும், கிளறப்பட்ட மண்ணின் வாடையும், உடலிலிருந்து உதிர்ந்துகொண்டே இருக்கும் தோல் துகள்களின் வாடையும் கலந்து தங்குகின்றன. அவை காலடிக்குள் மட்டும் அடங்கிக் கிடப்பதில்லை. காற்று அவற்றை ஓரமாகத் தள்ளும், பள்ளத்தில் தேக்கும், வெயில் ஏறினால் மேலே தூக்கும். ஆகவே திருப்பத்துக்கு அப்பாலும் கொஞ்ச தூரம் வாடை இருக்கத்தான் செய்யும். அது தீர்ந்துவிட்டது என்பதை நாய் உணர்ந்து சொல்கிறதா, சொன்னதைப் பின்னால் இருப்பவர் கேட்கிறாரா என்பதே கேள்வி. 1993ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நார்வே ஆய்வாளர்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களைக் கவனித்து, தடத்தின் குறுக்கே கொண்டுவந்து விடப்பட்ட நாய், சில காலடிகளை மோந்து சில வினாடிகளுக்குள்ளேயே தடம் போன திசையைத் தீர்மானித்துவிடுகிறது என்று பதிவு செய்தார்கள். அவ்வளவு நுட்பமான மூக்கைக் கயிற்றின் மறுமுனையில் இருந்துகொண்டு நாம் திருத்த முயல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்படித் திருத்த முயன்ற ஒருவரையும் அதே பருவத்தில் பார்த்தேன். நல்ல நாய், ஜெர்மன் ஷெப்பர்ட். வயலின் எல்லையில் வேலிமரங்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே டிராக்டர் போகும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. தடம் அந்த இடைவெளிக்கு வெகுதூரம் முன்னதாகவே வலப்புறம் திரும்பிவிட்டது. நாய் திருப்பத்தில் தலையை நிமிர்த்தியது, பக்கவாட்டில் போகவும் தொடங்கியது. ஆனால் அவர் கண்ணுக்கு வழி அந்த இடைவெளிதான். அவர் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தார்; கயிறு நாயை அந்தப் பக்கமே இழுத்தது; அது ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, அவர் போகும் பக்கமே போயிற்று. நடுவர் விசில் ஊதினார். பிறகு நான் அவர்களை அழைத்துக்கொண்டு திருப்பத்துக்குப் போய், மீதித் தடத்தை உடன் நடந்து, கையுறையை நாய் கண்டெடுக்கும்படி செய்தேன். தோற்ற நாயும் பொருளைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியோடுதான் வயலை விட்டுப் போக வேண்டும் என்ற இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘அவன் என்னிடம் சொன்னான், இல்லையா?’ என்று அவர் கேட்டார். சொன்னான் என்றேன்.

அடுத்த நிலைத் தேர்வு உண்மையிலேயே கடினமானது. 800 முதல் 1000 கெஜம் நீளம், ஐந்து முதல் ஏழு திருப்பங்கள், மூன்று முதல் ஐந்து மணி நேரம் பழையதான தடம். போதாக்குறைக்கு, தடம் போட்டவர் போன பிறகு வேறு இருவர் இரண்டு இடங்களில் அதைக் குறுக்கே கடந்து நடப்பார்கள். அவர்களுடைய வாடை புதியது. நாய்க்கு அதிலே ஆசை வருவது இயல்பு. ஒரு சிறிய டாஷ்ஹண்ட், தன் முதுகை மறைக்கும் அளவு உயர்ந்த புல்லுக்குள் சென்று, குறுக்குத் தடத்தில் பத்துப் பதினைந்து அடி போய், நின்று, உடலை உதறிக்கொண்டு, வந்த வழியே திரும்பி வந்து பழைய தடத்தைப் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதன் உரிமையாளருக்கு நாயே தெரியவில்லை; கயிற்றின் அசைவும் புல்நுனிகளின் ஆட்டமும் மட்டுமே தெரிந்தன. அதை வைத்தே அவர் நடந்தார். நாய் வேலை செய்துகொண்டிருக்கும் வரை இந்தத் தேர்வுகளில் கால வரம்பு கிடையாது என்ற விதியின் அருமை அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. கடிகாரம் ஓடியிருந்தால் அந்த நாய்க்குத் தன் முடிவை மாற்றிக்கொள்ள நேரமே இருந்திருக்காது.

1995இல் வந்த பலவகைத் தரைத் தேர்வைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன்; கட்டடங்களும் வாகன நிறுத்தங்களும் நிறைந்த வளாகங்களில் நடப்பது அது. தார்த்தரையில் நடந்த வாடை காற்றில் தள்ளப்பட்டுச் சுவரோரத்திலும் நடைபாதை விளிம்பிலும் சேர்ந்துவிடுவதால், நாய் நான் நடந்த கோட்டில் வராமல் பல அடி தள்ளி வரும். அங்கேயும் கேள்வி அதேதான்: வாடை தீர்ந்ததை நாய் சொல்கிறதா, பின்னால் இருப்பவர் கேட்கிறாரா?

பயிற்சியில் பலர் திருப்பத்துக்குத் திருப்பம் கொடி நட்டு வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பழக்குகிறார்கள். தொடக்கத்தில் அது வேண்டும். நெடுநாள் நீடிப்பது கெடுதல் என்பது என் உறுதியான கருத்து. திருப்பம் எங்கே என்று தெரிந்தவரின் கால் தானாகவே அங்கே தயங்கும், தோள் திரும்பும், கயிறு இழுபடும். நாய் தடத்தை இழப்பதற்கு வாய்ப்பே கிடைக்காது, ஆகவே இழக்கும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவர் ஒருபோதும் பார்க்கவே மாட்டார். அதற்குப் பதிலாக, தடம் போட்ட நண்பர் பின்னால் அமைதியாக நடந்து வரட்டும். நீங்கள் வழி தெரியாமல் நடந்து, ‘இங்கே இழந்துவிட்டது’ என்று நீங்கள் நினைக்கும் கணத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சரியா தவறா என்று அவர் சொல்லட்டும். தேர்வில் பெயர் கொடுப்பதற்கு முன், ஒரு தடத்தை முடித்து நடுவரிடம் தகுதிச் சான்று பெற வேண்டும். அது ஓராண்டுக்குத்தான் செல்லும். அந்தச் சான்றுக்குப் போவதற்கு முன்பே ஒரு பருவமாவது தடம் போடப் போய் வாருங்கள். எந்தக் குழுவிலும் தடம் போட ஆள் போதுவதில்லை; கேட்டால் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வார்கள், விடியற்காலையில் முழங்கால் வரை பனியில் நனையத் தயாராக மட்டும் இருங்கள்.