கண்ணாடியில் நகராத புள்ளி

வானில் இன்னொரு விமானத்தோடு மோதாமல் மயிரிழையில் தப்பிய கதையை விமானம் ஓட்டும் நாம் ஒவ்வொருவரும் எழுதலாம் என்றால், நானே ஆரம்பிக்கிறேன். சோலோ (பயிற்சியாளர் இல்லாமல் தனியாக) போக ஆரம்பித்து ஆறாவதோ ஏழாவதோ நாள். பயிற்சிப் பகுதியில் 3000 அடியில் செஸ்னா 152 பயிற்சி விமானம். ஸ்டீப் டர்ன் (விமானத்தை நன்றாகச் சாய்த்துத் திரும்புவது) பழகுவதற்கு முன் இடமும் வலமும் 90 டிகிரி திரும்பி, யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட வேண்டும். இடப்பக்கம் ஒழுங்காகத் திரும்பினேன். வலப்பக்கம் பாதியோடு விட்டுவிட்டேன். சோம்பல்தான், வேறென்ன.

நேரே பறந்துகொண்டிருந்தபோது முன்கண்ணாடியில், காம்பஸுக்குச் சற்று இடப்பக்கம், ஒரு பூச்சி ஒட்டியிருந்தது. காலையில் கண்ணாடியைத் துடைத்தவன் நான்தான். இதை எப்படி விட்டேன் என்று யோசித்ததுகூட நினைவிருக்கிறது. பிறகு அந்தப் பூச்சிக்குச் சக்கரம் முளைத்தது.

வலப்பக்கம் சாய்த்தேன். எதிரே வந்த விமானக்காரர் இடப்புறமாகக் கடந்துபோனபோது அவருடைய இடது இறக்கையின் அடிப்பக்கம் முழுசாகத் தெரிந்தது. அப்படியானால் அவரும் வலப்பக்கம்தான் சாய்ந்திருக்கிறார். இறக்கையில் எழுதியிருந்த பதிவெழுத்துகளில் கடைசி இரண்டை வாசிக்க முடிந்தது. பயம் அப்போது வரவே இல்லை. இறங்கி, எஞ்சினை அணைத்து, லாக் புத்தகத்தில் நேரம் எழுதப் போனேன். பேனா விரலில் நிற்கவில்லை.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேரும் 100 நாட் (மணிக்கு 100 கடல்மைல்) வேகம் என்றால் நெருங்கும் வேகம் 200. ஒரு கடல்மைல் கரைய 18 விநாடி. அந்தத் தூரத்தில் பத்து மீட்டர் இறக்கை, கையை நீட்டிப் பிடித்த ஸ்கேலில் மூன்று மில்லிமீட்டர் கோடுதான். பார்த்து, இன்னதென்று புரிந்து, கை அசைந்து, விமானம் விலகத் தொடங்க 12.5 விநாடி ஆகும் என்று அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் சுற்றறிக்கை ஒன்று சொல்கிறது. மிச்சம் ஐந்தரை. இதில் இன்னொரு வில்லங்கம்: மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் நகராது. இருந்த இடத்திலேயே இருக்கும், கடைசி சில விநாடிகளில்தான் சட்டென்று வீங்கும். நம் கண்ணோ அசைவதைத்தான் பிடிக்கும்.

*

நான் சொல்லித்தர்ற ஆள். என் கதை ஃபைனல்ல, அதாவது ரன்வேக்கு நேரா வந்து இறங்குற கடைசிக் கட்டத்துல, நடந்தது.

மேல் இறக்கை வண்டி எங்களோடது. தலைக்கு மேல என்ன இருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும். சூரியன் முதுகுப் பக்கம். 300 அடியில இறங்கிட்டிருக்கோம், எங்க நிழல் முன்னால தரையில ஓடுது. பையன் ரன்வேயைப் பாக்கிறான், நான் அவன் கையைப் பாக்கிறேன். சும்மா கீழே பாத்தா ரெண்டு நிழல். ஒண்ணு இன்னொண்ணை நெருங்குது.

"ஐ ஹேவ் கண்ட்ரோல்"னு சொல்லி விமானத்தை என் கைக்கு வாங்கினேன். பழகின கை உடனே பவரைக் கொடுத்து மூக்கைத் தூக்கத்தான் போகும். கோ-அரவுண்ட்னா, இறங்காம மறுபடி ஏறிப் போறதுன்னா, அதுதானே? ஆனா ஆள் இருக்கிறதே மேலதான். தூக்கினா நாமே போய் இடிச்சிருப்போம். அதனால ஏறாம, உயரத்தைப் பிடிச்சுக்கிட்டு வலப்பக்கமா ஒதுங்கினேன். கீழ் இறக்கை பைப்பர் ஒண்ணு எங்களுக்கு இடது மேல் பக்கமா வழுக்கிட்டு வந்து நிம்மதியா இறங்குச்சு. கீழ் இறக்கைக்காரருக்குத் தன் வயித்துக்குக் கீழே இருக்கிறது தெரியாது, மேல் இறக்கைக்காரருக்குத் தலைக்கு மேலே தெரியாது. அந்த ரெண்டு குருட்டு இடமும் ஒண்ணோட ஒண்ணு பொருந்துற இடம் ஃபைனல்.

ரேடியோவுல சொல்லலையான்னு கேப்பீங்க. ரெண்டு பேருமே சொன்னோம், ஒரே நொடியில. பட்டனை அழுத்திப் பேசுறவனுக்கு மத்தவன் பேச்சு கேக்காது. டவுன்விண்ட்ல (இறங்குறதுக்கு முன்னால ரன்வேக்கு இணையா எதிர்த்திசையில போற பாதை) இருந்த மூணாவது ஆளுக்குத்தான் காதுல கீச்சுன்னு ஒரு சத்தம். அவர் இறங்கி வந்து சொன்னாரு: "சார், யாரோ ரெண்டு பேரு மேல மேல பேசினீங்க, ஒண்ணும் புரியல." அதை அப்பவே ரேடியோவுல சொல்லியிருக்கலாமேய்யா!

*

என்னுடையது சின்னதுதான். நான் 2500 அடி, இன்னொரு விமானி 3000 அடி என்று ரேடியோவில் பேசிவைத்துக்கொண்டு ஒரே பகுதியில் பழகினோம். அவர் என் தலைக்கு மேல் போனபோது வயிற்றில் இருந்த எண்ணெய்க் கறை தெரிந்தது. 500 அடியில் அவ்வளவு தெளிவாகத் தெரியாதே என்று ஆல்டிமீட்டரை (உயரமானி) பார்த்தால் 2500 சரியாக நிற்கிறது. உயரமானியில் வைக்கச் சொல்லி 1013 என்று கொடுத்த காற்றழுத்தத்தை 1003 என்று திருகியிருந்தேன். அதனால் அது காட்டியதைவிட மேலே பறந்துகொண்டிருந்தேன். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 28 அடி. பத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

*

இப்போதுதான் விமானத்துக்குள் இருக்கும் திரையிலேயே மற்ற விமானங்கள் தெரிகின்றனவே என்று சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. டிரான்ஸ்பாண்டர் (தான் இருப்பதை ரேடியோவில் தெரிவிக்கும் கருவி) இல்லாத கிளைடர் அந்தத் திரையில் வராது. திரையில் இல்லை என்றால் வானத்திலும் இல்லை என்று மாணவன் நினைக்கத் தொடங்கிவிடுகிறான்.

அதற்காக, கண் இருந்தால் போதும் என்றும் சொல்ல மாட்டேன். 2020 பிப்ரவரி 19 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், மங்களூர் விமான நிலையம் அருகே (பெயர் மட்டும்தான் நம்மூர் மாதிரி) இரட்டை எஞ்சின் பயிற்சி விமானங்கள் இரண்டு மோதி நான்கு பேர் இறந்தார்கள். ஒன்று கிளம்பி ஏறிக்கொண்டிருந்தது, மற்றது வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் மற்றதைப் பற்றிக் கட்டுப்பாட்டாளர் தகவல் சொல்லியிருந்தார். தகவல் கிடைத்ததும் "சரி, தெரியும்" என்று மனம் ஓய்ந்துவிடக் கூடாது. எந்தப் பக்கம், எந்த உயரம், நான் எப்படி விலகப் போகிறேன் என்று அடுத்த பேச்சு தொடங்க வேண்டும்.

முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி. அதைப் புகாராக எழுதிக் கொடுத்தீர்களா?

*

இல்லை. வலப்பக்கம் பாதியோடு விட்டதைச் சொல்ல வேண்டியிருக்குமே.

மறுநாள் காலையில் எனக்கு ஒதுக்கிய விமானத்தைச் சுற்றிச் சோதித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் பார்த்து, டயர் பார்த்து, இடது இறக்கைக்கு அடியில் குனிந்தேன். அதே இரண்டு எழுத்துகள். எங்கள் பள்ளி விமானம். முந்தின நாள் அதே நேரத்துக்கு அதில் போனவரின் பெயர் பலகையில் இருந்தது. மதியம் கேன்டீனில் எனக்கு எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.